முயல் மருந்து

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் திருவொற்றியூர் குப்பத்து ஆம்பளைகளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகளெல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக்கிடக்கும். பாஸ்கர் வாசலில் வலையை விரித்துப் போட்டுக்கொண்டு அறுந்த கண்ணிகளைக் கோத்தபடி உட்கார்ந்திருப்பான். மற்ற மாதங்களில் கடலுக்குப் போனால் கரைக்கு வரப் பத்து நாளாகும். வந்த களைப்பில் படுத்தால் அப்படியே தூங்கிப்போவான். அதனால் தன் மகனுக்கு ஒரு முழு நாள் எப்படிக் கழிகிறது என்பதை அந்தச் சித்திரையில்தான் அவன் கண்ணால் பார்த்தான்.

"இன்னா ஜெயா, மறுபடியுமா?" என்று கேட்பான்.

"மறுபடி இல்லய்யா. இன்னும் நிக்கல" என்பாள் ஜெயஸ்ரீ, வாளியில் துணியை அலசிக்கொண்டே.

தீபனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. தாய்ப்பால் மட்டும் குடித்தவரை கொழுகொழுவென்றுதான் இருந்தான். பிஸ்கட்டை நனைத்து ஊட்ட ஆரம்பித்த நாளிலிருந்து வயிற்றால் போகத் தொடங்கியது. தண்ணீராகப் போகும். போகும்போதே காற்றும் நுரையும் சேர்ந்து வரும். வயிறு மட்டும் பலூன் மாதிரி உப்பி, கையும் காலும் முருங்கைக்காய் மாதிரி ஆகிவிட்டன. எழுந்து நிற்பான், நாலு எட்டு வைப்பான், பிறகு உட்கார்ந்து தரையைப் பார்ப்பான். அழக்கூட மாட்டான். அதுதான் ஜெயஸ்ரீயை உள்ளுக்குள் அரித்தது. அழுகிற பிள்ளைக்கு இன்னும் தெம்பு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

தடைக்காலத்திலும் பண்ணை இறால் வந்ததால், ஜெயஸ்ரீ காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போய்வந்தாள். விடியுமுன் கிளம்பினால் வெயில் உச்சிக்கு வரும்போது திரும்புவாள். அதுவரை பிள்ளை செல்லம்மாவிடம் இருக்கும். செல்லம்மா பாஸ்கரின் அக்கா. அம்மா இல்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்கே வந்து, தெருமுனையில் ஆப்பக் கடை போட்டாள். அவள் ஆப்பத்துக்கும் தேங்காய்ப்பாலுக்கும் எண்ணூர் போகிற கன்டெய்னர் லாரிக்காரர்கள்கூட வண்டியை ஓரம் கட்டுவார்கள். அடுப்புக்கு அந்தாண்டை ஒரு பலகை போட்டு, அதில் தீபனை உட்கார வைத்துக்கொண்டு வியாபாரம் பார்ப்பாள்.

கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். புளியந்தோப்பில் ஒருவரிடம் தொக்கம் எடுத்தார்கள். அவர் வயிற்றை நீவி, வாயால் உறிஞ்சி, ஏதோ ஒன்றைத் துப்பிக் காட்டி, எல்லாம் வந்துவிட்டது என்றார். மறுநாளும் தண்ணீராகத்தான் போனது. மந்திரித்த கயிறு கட்டினார்கள். கயிறு நைந்து அறுந்ததுதான் மிச்சம்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் சாண்ட்ரா என்ற குழந்தைகள் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர் ஆரம்பத்திலேயே சொன்னார், "சர்க்கரை ஒத்துக்காம இருக்கலாம்மா. கொஞ்ச நாள் சர்க்கரையை சுத்தமா நிறுத்திப் பாருங்க" என்று. நிறுத்தினார்கள். பாலில் சர்க்கரை இல்லை, கஞ்சியில் இல்லை, பிஸ்கட் இல்லை. ஒரு மாற்றமும் இல்லை. அப்போ இது அதில்லை என்று டாக்டர் அடுத்த சோதனைகளுக்குப் போனார். ரத்தம் எடுத்தார்கள். பிறகு தீபனை மயக்கப்படுத்தி, தொண்டை வழியாகக் குழாய் விட்டு, குடலில் துளியூண்டு சதை எடுத்தார்கள். அதையும் பார்த்துவிட்டு நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"நார்மல்னா இன்னா அர்த்தம்?" என்று பாஸ்கர் வலையைக் கீழே போட்டான். "நல்லாகீறான்னா? கண்ணு இன்னா பொட்டையா அவங்களுக்கு?"

"கொடலு நல்லாகீதாம். புள்ளதான் நல்லால்ல" என்றாள் ஜெயஸ்ரீ.

செல்லம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள். "பெத்தவ வூட்ல குந்திகினு வேளாவேளைக்குப் பாத்தாக்கா எல்லாம் செரியாப் பூடும். எறா உரிச்ச கையி. எவ்ளோ கழுவினாலும் அந்தக் கவுச்சி போவுமா இன்னா?"

ஜெயஸ்ரீ எழுந்தாள். உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள்.

*

அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த நாளில் டாக்டர் சாண்ட்ரா போன் செய்தார். மணலி ஆலைகள் பக்கமிருந்து கேஸ் வாடையோடு அனல்காற்று வந்துகொண்டிருந்தது. ஜெயஸ்ரீ கொட்டகைக்கு வெளியே வந்து, ஐஸ் தண்ணீரில் விறைத்த கையால் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"தீபனோட குடல்லேர்ந்து எடுத்ததுல கொஞ்சம் மெழுகுல பதிச்சு வச்சிருக்கோம்மா. நாங்க பார்த்தது குடலோட அமைப்பை. அது நல்லா இருக்கு. ஆனா வேலை செய்யுதான்னு அதுல தெரியாது. குடல்ல சர்க்கரையை உடைக்கறதுக்குன்னே ஒரு என்சைம் இருக்கு. அது இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கற ஒரு ஆன்டிபாடி, மாதவரத்துல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல வச்சிருக்காங்க. முயலோட ரத்தத்துலேர்ந்து எடுக்கறது. ஆராய்ச்சிக்காக மட்டும் செஞ்சது, அதனால ரிப்போர்ட்ல எழுதித் தர முடியாது. ஆனா அதுல பார்த்தா எந்தப் பக்கம் போகணும்னு எனக்குத் தெரிஞ்சிடும். நீங்க சம்மதிச்சாதான் செய்யலாம்."

"சர்க்கரை நிறுத்தியும் நிக்கலியே டாக்டரம்மா?"

"அதான் எனக்கும் புரியல. அதனாலதான் பார்க்கணும்னு தோணுது."

வீட்டுக்கு வந்து ஜெயஸ்ரீ இதைச் செல்லம்மாவிடம் சொன்னாள். செல்லம்மா கடைக்குத் தேங்காய் கொண்டுவருகிறவளிடம் சொன்னாள். பொழுது சாய்வதற்குள், பாஸ்கர் பிள்ளைக்கு முயல் ரத்தம் ஏற்றப்போகிறார்கள் என்று குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. பாஸ்கரோடு ஒரே படகில் போகும் மாசானம் வேகமாக வந்தான்.

"இன்னா மாமு, மெய்யாலுமா? மிருக ரத்தம் மன்சன் ஒடம்புல ஏறுமா?"

"எவன் சொன்னான் ஏத்தறாங்கன்னு?" என்றான் பாஸ்கர். ஆனால் அவன் முகமும் சரியில்லை. மாசானம் போனதும் ஜெயஸ்ரீயின் பக்கம் திரும்பினான். "வோணா ஜெயா. எம்புள்ள இன்னா ஆராய்ச்சிக்கா பொறந்தான்? முயலு மருந்துன்றாங்க, ரிப்போர்ட்டு தர மாட்டோம்ன்றாங்க. ஒரே பேஜாராகீது. வுட்டுடு."

"வுட்டுட்டு?"

"சடையங்குப்பத்துல ஒருத்தர் வேரு அரைச்சுத் தராராம். அங்க இட்டுகினு போலாம்."

ஜெயஸ்ரீ குழந்தையை மடியில் போட்டிருந்தாள். அவன் கண்ணைத் திறந்துகொண்டு சும்மா படுத்திருந்தான்.

"இத பாருயா. புள்ள மேல இனிமே ஒரு ஊசியும் கெடையாது. மின்னாடியே எடுத்துட்டானுங்களே ஒரு துண்டு, அது மேலதான் அந்த மருந்த ஊத்திப் பாக்கறாங்க. இவன் பாட்டுக்கு இங்க படுத்துகினு கெடப்பான். அதுல இன்னா நஷ்டம் நமக்கு? தொக்கம் எடுக்கறவன் வாயில வெச்சிகினு வந்தத துப்பிக் காட்னான், நாம குந்திகினு பாத்தோமே. இவங்க இன்னா தெரியும், இன்னா தெரியாதுன்னு ஒயுங்கா சொல்றாங்க. நான் சம்மதம்னு சொல்லப் போறேன்."

பாஸ்கர் வலையை மடியில் இழுத்துப் போட்டான். வலையில் ஒரே முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"செரி. ஆனா நானும் கூட வருவேன்" என்றான் கடைசியில்.

*

சோதனை முடிந்ததும் டாக்டர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். மெட்ரோவில் ஏறினால் ஏசியில் சுகமாகப் போய்விடலாம். முன்பொருமுறை அதில் தீபனுக்கு வயிற்றால் போய்விட, பெட்டியில் இருந்தவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். அதிலிருந்து ஜெயஸ்ரீ அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஷேர் ஆட்டோவில், லாரிப் புழுதியில்தான் போனார்கள். ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் அறையில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். கைத்தறிச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை, முப்பது முப்பத்தைந்து வயது. மேசையில் ஒரு மைக்ராஸ்கோப்.

"இவங்க ரமாபாய். மாதவரத்துல இவங்கதான் இந்த வேலையைச் செஞ்சாங்க. நேர்ல சொல்றேன்னு அவங்களே வந்திருக்காங்க" என்றார் சாண்ட்ரா.

பாஸ்கர் கைகட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். "முயலு மருந்து போட்டது நீங்கதானா?"

ரமாபாய் சிரித்துவிட்டாள். "ஆமாண்ணா. நம்ம ஏரியாவுல அப்படியா பேரு வெச்சிட்டாங்க? நான் வியாசர்பாடிதான். எங்கம்மாவும் இதான் கேட்டுச்சு, முயலு ரத்தத்த வெச்சிகினு இன்னாடி பண்றேன்னு." அவள் தங்கள் பேச்சிலேயே பேசியது பாஸ்கரின் கையைக் கொஞ்சம் தளர்த்தியது. "வாங்கக்கா, நீங்களே பாருங்க."

ஜெயஸ்ரீ குனிந்து கண்ணை வைத்தாள். முதலில் தன் இமைதான் தெரிந்தது. பிறகு ஊதா நிறத்தில் விரல் விரலாக ஏதோ நின்றது, கடற்பாசி மாதிரி. ஒவ்வொரு விரலின் விளிம்பிலும் பென்சிலால் கோடு இழுத்ததுபோல் பழுப்பாக ஓர் ஓரம்.

"இது வேற ஒரு கொயந்தையோட குடலு. நல்லா செரிக்கற கொயந்த. அந்தப் பழுப்புக் கோடு தெரியுதா? அங்கதான் அந்த என்சைம் கீது. எப்படின்னா, மன்சனோட என்சைம்ல ஒரு துணுக்க முயலுக்கு ஊசியில போடுவாங்க. முயலோட ஒடம்பு, இது நம்ம சாமான் இல்லயேன்னு அத அடையாளம் கண்டுகினு, புடிக்கறதுக்கு ஆள் தயார் பண்ணும். அந்த ஆளுங்கதான் ஆன்டிபாடி. ரத்தத்துலேர்ந்து அத மட்டும் பிரிச்சு எடுத்து, இந்தத் துண்டு மேல ஊத்துவோம். என்சைம் எங்க கீதோ அங்க போய் ஒட்டிக்கும். அப்பால நெறம் ஏத்தினா கோடு தெரியும்."

அவள் கண்ணாடித் துண்டை மாற்றினாள். "இது நம்ம தீபனோடது."

அதே ஊதா விரல்கள். வரிசையாக, அழகாக நின்றன. விளிம்பில் எதுவும் இல்லை. ஜெயஸ்ரீ கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"கோடு இல்லயே."

"இல்லக்கா."

"மருந்து செரியா ஒட்டலன்னா?" என்று பாஸ்கர் சுவரை விட்டு வந்தான்.

"நல்ல கேள்விண்ணா. எனக்கும் அந்த பயம் இருந்துச்சு. அதான் ரெண்டு துண்டையும் ஒரே நாள்ல, ஒரே மருந்துல பக்கத்துல பக்கத்துல வெச்சு செஞ்சேன். திரும்பவும் ஒருவாட்டி செஞ்சேன். அப்பறம் இந்த முயலு மருந்துல ஒரே மாதிரி ஆளு மட்டும் இல்ல. பல தினுசு ஆளுங்க. ஒவ்வொருத்தனும் அந்த என்சைமோட ஒவ்வொரு எடத்தப் பாத்து அடையாளம் கண்டுக்குவான்."

ஜெயஸ்ரீ யோசித்தாள். "படகு தேடப் போறாப்புலயா? பெயின்ட்ட வெச்சு ஒருத்தன் கண்டுக்குவான். ஒருத்தனுக்கு இஞ்சின் சத்தமே போதும். நம்பரு அழிஞ்சிருந்தாலும் எவனாவது ஒருத்தன் பாத்துட்டு சொல்லிடுவான்."

"அதேதான்க்கா."

"அத்தினி பேரும் போயிட்டு வெறுங்கையா வந்தாங்கன்னா..."

"படகு அங்க இல்ல" என்றான் பாஸ்கர் மெதுவாக.

ரமாபாய் அவசரமாக மூன்றாவது கண்ணாடியை வைத்தாள். "இதையும் பாத்துடுங்க. இதுவும் தீபனோடதுதான். பால செரிக்கற என்சைமுக்கு வேற ஒரு ஆன்டிபாடி போட்டேன்." இப்போது விளிம்பெல்லாம் பழுப்புக் கோடு, கண்ணுக்கு மை தீட்டியதுபோல் தெளிவாக. "பால் ஒத்துக்கும். கொடலு நல்ல கொடலு. அந்த ஒண்ணு மட்டும்தான் இல்ல."

ஜெயஸ்ரீ நிமிர்ந்தாள். என்ன கேட்பதென்று தெரியாமல், "அந்த முயலு உசுரோட கீதா?" என்று கேட்டாள்.

ரமாபாய் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். "இருக்காதுக்கா. ரத்தத்த கொஞ்சம் கொஞ்சமா எடுப்பாங்க. முடிஞ்சப்பறம் பெரும்பாலும் உசுரோட வெச்சிக்க மாட்டாங்க."

ஜெயஸ்ரீ தலையை ஆட்டினாள். நாளெல்லாம் இறால் தலையைத் திருகி எறிகிற கை அவளுடையது. இருந்தும் அந்தப் பெயர் தெரியாத முயலுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

சாண்ட்ரா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப எனக்கு இருக்கற கேள்வி ஒண்ணுதான். சர்க்கரைதான் காரணம்னா, நிறுத்தினப்ப ஏன் நிக்கல? ஜெயஸ்ரீ, காலைலேர்ந்து அவன் வாய்க்குள்ள என்னென்ன போகுதோ எல்லாத்தையும் சொல்லுங்க. தண்ணிகூட."

"பால், சர்க்கரை இல்லாம. கஞ்சி, உப்பு போட்டு. மத்தியானம் பருப்பு சோறு ரெண்டு வாயி. மீனு குடுத்தா செரிக்காதுன்னு குடுக்கறதில்ல. அவ்ளோதாங்க." சற்று யோசித்து, "அப்பால டானிக்கு. தெம்புக்கோசரம் மருந்துக்கடையில குடுத்தது. அது தெனம் மூணு வேள, தவறாம" என்றாள்.

"என்ன டானிக்?"

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எங்கே போனாலும் வேளை தவறக்கூடாது என்று கூடவே வைத்திருப்பாள். சாண்ட்ரா புட்டியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். புட்டியை ரமாபாயிடம் நீட்டினார்.

"முக்கால்வாசி சர்க்கரைப்பாகு" என்றாள் ரமாபாய்.

ஜெயஸ்ரீக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "மருந்தாச்சேன்னு... ஒரு சொட்டு கீய வுடாம குடுத்தேனே. துப்பினாக்கூட வழிச்சு வழிச்சு வாயில வெச்சேனே."

"தப்பு உங்களோடது மட்டும் இல்ல" என்றார் சாண்ட்ரா. "சர்க்கரைய நிறுத்துங்கன்னு சொன்னேன். வேற என்ன மருந்து குடுக்கறீங்கன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. அழாதீங்கம்மா. இது நல்ல சேதி. சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, வாழைப்பழம், மாம்பழம் எதுவும் வேண்டாம். சோறு கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பாருங்க, ஒத்துக்கற அளவுக்கு. பால், முட்டை, மீன், கறி, கீரை எல்லாம் தாராளமா குடுங்க."

"முழுசா சொஸ்தமாயிடுமா?" என்றான் பாஸ்கர்.

"அந்த என்சைம் புதுசா முளைக்காதுங்க. வளர வளரக் கொஞ்சம் தாங்குவான். ஆனா பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டா, மத்த பசங்க மாதிரி ஓடுவான்."

*

ஜெயஸ்ரீ டானிக் புட்டியைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் வந்தாள். செல்லம்மா மறுநாளைக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பாஸ்கர் எல்லாவற்றையும் சொன்னான். முயலைப் பற்றி, கோட்டைப் பற்றி, டானிக்கைப் பற்றி. "சர்க்கரை, வெல்லம் எதுவும் ஆவாது இவனுக்கு" என்று முடித்தான்.

செல்லம்மாவின் கை துருவலிலேயே நின்றுவிட்டது.

"வெல்லமுமா?"

"வெல்லமும்தான்க்கா. எல்லாம் ஒண்ணுதானாம்."

செல்லம்மா தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"சர்க்கரைதானே வோணான்னாங்க. நான் சர்க்கரை தொடலியே. தெனம் ஒரு கிண்ணி தேங்காப்பால்ல... வெல்லம் போட்டு... அடுப்பாண்ட குந்திகினு ஏக்கமாப் பாக்கும் ஜெயா. எல்லாருக்கும் ஊத்தறேன், அதுக்கு இல்லியான்னு இருந்துச்சு. வெல்லம் ஒடம்புக்கு நல்லதுன்னு..."

பாஸ்கர் மனைவியைப் பார்த்தான். எறா உரிச்ச கையி என்று கேட்டது, சோப்புப் போட்டுச் சோப்புப் போட்டுத் தோல் உரிந்தது எல்லாம் ஜெயஸ்ரீயின் தொண்டை வரைக்கும் வந்தன. காலையில் தெரிந்திருந்தால் தெருவே கூடுகிற மாதிரி கத்தியிருப்பாள். இப்போது அவள் கையில் அந்தப் புட்டி இருந்தது.

அதைச் செல்லம்மாவின் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தாள்.

"நீ ஒரு கிண்ணி குடுத்தே அண்ணி. நான் மூணு வேள குடுத்தேன்."

செல்லம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கவுச்சி வீசுகிறதா என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து செல்லம்மா ஆளே மாறிவிட்டாள். கடையில் தேங்காய்ப்பால் இரண்டு சட்டிகளில் வந்தது. இனிப்பில்லாத சட்டி அடுப்புக்கு அந்தாண்டை, அவள் கைக்கு மட்டும் எட்டும் இடத்தில் இருந்தது. வருகிறவர்கள் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி மிட்டாய் நீட்டினால் கரண்டியை ஓங்கினாள். "கைய எட்றா! அதுக்கு ஆவாது. மாதவரத்துல முயலு வெச்சுப் பாத்து சொல்லிட்டாங்க." கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் கரண்டியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்வார்கள்.

தீபன் முதலில் இனிப்புக்காக அடம்பிடித்தான். இத்தனை நாள் அழத் தெம்பில்லாத பிள்ளை, காலை உதைத்துக்கொண்டு அழுதது. "அழட்டும், அழட்டும்" என்றாள் ஜெயஸ்ரீ, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு. தடைக்காலத்திலும் கரையோரம் போய்வரும் பைபர் படகுக்காரர்களிடம் பாஸ்கர் கிழங்கான் மீன் வாங்கிவந்தான். அதை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, முள் எடுத்து, விரல் நுனியில் வைத்து ஊட்டினார்கள். முதல் வாயைத் துப்பினான். இரண்டாவதை வைத்துக்கொண்டு யோசித்தான். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தான்.

அந்த வாரத்துக்குள் ஒரு காலை, ஜெயஸ்ரீ கொட்டகையில் இருக்கும்போது போன் அடித்தது. செல்லம்மாவின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஜெயா! கெட்டியாப் போச்சுடீ! கொயந்த கெட்டியாப் போச்சு! உருண்டையா! நான் எடுத்து எறியல, நீ வந்து பாக்கணும்னு அப்டியே வெச்சிகினுகீறேன்!"

ஜெயஸ்ரீ இறால் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் என்னடி என்று கேட்டாள். சொன்னதும் அந்த வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். ஒரு கிழவி மட்டும் ஈரக் கையை எடுத்துக் கும்பிட்டாள். ஜெயஸ்ரீ அங்கிருந்தபடியே ரமாபாய்க்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரியில் நம்பர் வாங்கி வைத்திருந்தாள்.

"அக்கா, போன் பண்ணிச் சொல்றதுக்கே வெக்கமாகீது..."

"சொல்லுங்கக்கா, இதுக்கோசரம்தானே காத்துகினுகீறேன்" என்றாள் ரமாபாய் மறுமுனையில்.

நடுவில் ஒருமுறை சறுக்கியது. கல்யாண வீடொன்றில் யாரோ பாயசத்தை விரலில் தொட்டு வாயில் வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் தண்ணீராகப் போனது. ஆனால் ஏன் போகிறது என்று தெரிந்திருந்ததால் யாரும் யார் மேலும் பாயவில்லை. மறுபடி நின்றுவிட்டது.

ஆனி பிறக்கும் சமயத்தில் தடை முடிந்தது. காசிமேடு முழுக்க ஐஸ் அரைக்கிற சத்தமும் டீசல் புகையும். பாஸ்கரை வழியனுப்பச் செல்லம்மா கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வந்தாள். ஜெயஸ்ரீ தீபனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஐஸ் வண்டிகளுக்கும் கூடைக்காரிகளுக்கும் நடுவே நடந்தாள். படகு கட்டியிருந்த இடம் துறைமுகத்தின் கடைசிக் கோடி. பாஸ்கர் மேலேறி நின்று கையசைத்தான். தீபன் இரண்டு கையையும் ஆட்டி, "நைனா!" என்று கத்தினான். மாசானம் காதில் கையை வைத்து, "டேய், கடல்ல கீற மீனெல்லாம் ஓடப்போவுதுடா" என்றான்.

படகு முகத்துவாரம் தாண்டியதும் திரும்பினார்கள். பாதி வழியில் ஜெயஸ்ரீ நின்று, பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி மாற்றினாள். பிள்ளையின் கனத்தில் இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறித்தது.

"இன்னாடி, வலிக்குதா? குடு, நான் தூக்கிக்கறேன்" என்று செல்லம்மா கையை நீட்டினாள்.

"வோணா அண்ணி" என்றாள் ஜெயஸ்ரீ, பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டு. "கொஞ்ச நேரம் வலிக்கட்டும்."